நாய்க்கு வயிறு கெட்டால்: வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாயின் வயிற்றுக் கோளாறு பற்றி யார் பேச வந்தாலும் முதலில் கேட்பது "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "அது என்னென்ன தின்றது?" நம் வீடுகளில் நாய்க்குச் சாப்பாடு போடும் கை ஒன்றல்ல. அம்மா சோறு வைப்பார், பாட்டி பாலில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பார், பிள்ளைகள் சிப்ஸ் போடுவார்கள், வாட்ச்மேன் மிச்சப் பரோட்டாவைப் பிய்த்துப் போடுவார். இந்தக் கணக்கு தெரியாமல் செய்கிற வைத்தியம் நிலைக்காது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கைத்தான் சுற்றி வருகின்றன.

நேற்று வரை நன்றாக இருந்த நாய்க்கு இன்று காலை பேதி. உடனே டாக்டரிடம் ஓட வேண்டுமா?

நாயின் வயதைப் பாருங்கள், அப்புறம் அதன் நடமாட்டத்தைப் பாருங்கள். வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, கூப்பிட்டால் எழுந்து வருகிறது, குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கிறது என்றால் ஒரு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். தெருவில் எதையாவது பொறுக்கித் தின்று வரும் பேதி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும்.

ஆனால் பேதியோடு வாந்தியும் நிற்காமல் வந்தால், தண்ணீர் குடித்ததும் கக்கினால், மலத்தில் ரத்தம் அதிகமாகப் போனால், மலம் தார் போலக் கறுத்திருந்தால், நாய் சுருண்டு படுத்து எழாமல் கிடந்தால் அன்றே கிளம்புங்கள். கிழட்டு நாய், சினையாக இருக்கும் நாய், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய் என்றால் ஒரு நாள் கூடப் பொறுக்க வேண்டாம்.

உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். வழவழவென்று ஈரமாக இருந்தால் நல்லது. விரல் ஒட்டிக்கொண்டால் நீர் குறைந்திருக்கிறது. அதே ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை. வயதான நாய்களுக்கும் மெலிந்த நாய்களுக்கும் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதால் அவற்றுக்கு ஈறைப் பார்ப்பதுதான் நம்பகமானது.

இரண்டு மாதக் குட்டிக்குப் பேதி. இதற்கும் ஒரு நாள் பொறுக்கலாமா?

கூடாது. குட்டிக்கு வரும் பேதியை, வேறு காரணம் என்று தெரியும் வரை, பார்வோ என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை உள்ள, தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிகளைத்தான் பார்வோ வைரஸ் அதிகம் தாக்குகிறது. முதலில் சாப்பிட மறுக்கும், சோர்ந்து படுக்கும், அப்புறம் வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்த வைரஸ் நோயாக வெளியே தெரிய 3 முதல் 7 நாள் ஆகும். அதனால் "வாங்கும்போது நன்றாகத்தானே துள்ளியது" என்பதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

பார்வோவில் உயிர் போவது பெரும்பாலும் நீர் வற்றுவதாலும், குடல் சுவர் சிதைந்து கிருமி ரத்தத்தில் கலப்பதாலும்தான். மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றிச் சிகிச்சை பெறும் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. சிகிச்சையே கிடைக்காதவற்றில் பெரும்பாலானவை இறந்துபோகின்றன. இடையில் இருப்பது நீங்கள் கிளம்பும் நேரம் மட்டுமே.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை என்று 16 வார வயது வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

வீட்டில் பார்வோ வந்துபோயிருந்தால் தரையைப் பினாயிலால் துடைப்பது போதாது, இந்த வைரஸ் அதற்கு அசையாது. முதலில் அழுக்கை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த இடத்துக்கு ஊசி முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

மலத்தைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

நிறைய. முகம் சுளிக்காமல் பாருங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைதான் போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏராளமாகப் போகிறது, நாயும் மெலிகிறது என்றால் கோளாறு சிறுகுடல் பக்கம். ஐந்தாறு முறை ஓடி ஓடிப் போய், முக்கி, கொஞ்சமாகச் சளியோடு போகிறது, கடைசியில் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தம், ஆனால் நாய் விளையாடுகிறது, எடையும் குறையவில்லை என்றால் பெருங்குடல் பக்கம். கறுத்த மலம் வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து செரித்து வருவது. அது சிவப்பு ரத்தத்தை விடப் பயப்பட வேண்டிய விஷயம். மலம் வெளிறி, எண்ணெய் மினுக்கோடு, பெரிய குவியலாக இருந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. ஆசனவாயைச் சுற்றி அரிசி மணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு.

பத்தியச் சாப்பாடு எப்படிச் செய்வது?

தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். உப்பு, மஞ்சள், எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது எதுவும் வேண்டாம். வெந்த தண்ணீரின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, கறியை நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். சோற்றைக் குழைய வடியுங்கள். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு கறி என்று பிசைந்து, கறி வெந்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுத் தளர்த்திக் கொடுங்கள். வழக்கமாக ஒரு வேளைக்கு வைக்கும் அளவை அப்படியே வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் சாப்பாட்டை நாலைந்து பங்காக்கி மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தால்தான் புண்பட்ட குடல் தாங்கும்.

வீட்டில் கறி சமைக்க மாட்டோம் என்பவர்கள் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைச் சோற்றோடு பிசையலாம். பெருங்குடல் பேதி என்றால் மஞ்சள் பூசணியை, அதாவது பரங்கிக்காயை வேக வைத்து மசித்து, நாயின் உடலுக்கு ஏற்ப ஒன்று முதல் மூன்று ஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம். அதன் நார் நீரை இழுத்து மலத்தைக் கட்ட உதவும்.

மலம் கட்டிய பிறகும் இன்னும் இரண்டு நாள் இதையே கொடுத்துவிட்டு, பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நான்கைந்து நாளில் திரும்புங்கள். கட்டிவிட்டதே என்று அன்று இரவே பழைய சாப்பாட்டுக்குப் போவதால்தான் பல வீடுகளில் பேதி திரும்பி வருகிறது. இன்னொன்று: இது சில நாள் சாப்பாடு மட்டுமே. கால்சியம் உட்படப் பல சத்துகள் இதில் போதாது, மாதக்கணக்கில் இதிலேயே வைத்திருக்கக் கூடாது.

வயிற்றைக் காயப்போடச் சொல்கிறார்களே?

முன்பெல்லாம் 24 மணி நேரம் பட்டினி போடச் சொல்வது வழக்கம். இப்போது அவ்வளவு தூரம் போவதில்லை. குடலின் உட்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தேவையான சத்தில் ஒரு பகுதியை அது உணவிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் வாந்தி இருந்தால் மட்டும் சில மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தி, வாந்தி நின்றதும் சிறிய கவளமாகத் தொடங்குவது நல்லது. குட்டிகளுக்கும் சிறிய இன நாய்களுக்கும் பட்டினியே கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

தண்ணீரை எப்போதும் நிறுத்தாதீர்கள். மடமடவென்று குடித்துக் கக்கினால், கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு ஸ்பூன், மூன்று ஸ்பூன் என்று கொடுங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து இதே போலக் கொடுக்கலாம். இனிப்பூட்டி சேர்க்காத ரகமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நாம் போடும் பேதி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பேதியை நிறுத்தும் லோபரமைடு, கோலி (Collie) என்ற மேய்ப்பு நாய் வகையில் பலவற்றுக்கு மூளை வரை போய்த் தாக்கும். அவற்றின் மரபணு அப்படி. மற்ற நாய்களுக்கும், விஷமோ கிருமியோ உள்ளே இருக்கும்போது குடலின் ஓட்டத்தை நிறுத்துவது சரியல்ல. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுப்பது இன்னும் பரவலான பழக்கம். சாதாரணப் பேதி அது இல்லாமலே ஏறக்குறைய அதே நாட்களில் சரியாகிறது, மருந்தோ குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கலைத்துவிட்டுப் போகிறது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி போன்ற குறிப்பிட்ட காரணம் இருந்தால் டாக்டர் எழுதுவார், அப்போது கொடுங்கள். வயிற்று வலி என்று இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் நீங்களாகத் தொடாதீர்கள். இபுப்ரோஃபென் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். விளக்கெண்ணெய், வசம்பு, ஓமத்தண்ணீர் எல்லாம் நம் பாட்டிமார் நமக்குச் செய்தவை. நாயின் உடல் வேறு, அளவும் யாருக்கும் தெரியாது.

பாலும் தயிரும் கொடுக்கலாமா?

தாய்ப்பால் மறந்த பிறகு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி நாய்களுக்குக் குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் புளித்து வாயுவும் பேதியும் வருகிறது. சில நாய்கள் ஒரு டம்ளர் பாலைத் தாங்கும், சில நாய்களுக்கு நாலு ஸ்பூன் போதும் வயிறு கெட. தயிரில் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் வெறும் தயிர்சாதத்தையே மூன்று வேளையும் கொடுத்து நாய் வளர்க்க முடியாது. அதில் புரதம் போதாது, வளரும் குட்டிக்கு அது அநியாயம். சைவ வீட்டில்தான் வளர்க்கிறீர்கள் என்றால் ஊட்டச்சத்து முழுமையாகக் கணக்கிட்டுச் செய்த சைவ நாய் உணவைத் தேடுங்கள், அல்லது முட்டையையாவது அனுமதியுங்கள்.

நம் சாப்பாட்டில் உண்மையிலேயே ஆபத்தானவை எவை?

வெங்காயம்தான் நம் சமையலறையின் பெரிய ஆபத்து. ஏனென்றால் அது சாம்பார், குருமா, பிரியாணி என்று எதிலும் இருக்கும், வெந்தாலும் அதன் நஞ்சு போகாது. உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் ஒரே நேரத்தில் 50 கிராமுக்கு மேல் வெங்காயம் தின்றால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் சேர்ந்துகொண்டே போகும். பூண்டும் அதே குடும்பம். சின்ன வெங்காயச் சாம்பார் சாதத்தைத் தினமும் பிசைந்து வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அடுத்தது திராட்சை, குறிப்பாகப் பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை. சில நாய்களுக்குச் சிறிய அளவே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு ஆகும், எதற்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் ஒன்று கூடக் கொடுக்காதீர்கள். சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் கூட அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியவை. தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வெந்த கோழி எலும்பு ஊசி போலப் பிளந்து குடலைக் குத்தும். கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் தலை, கால், குடல் கழிவைப் பச்சையாகப் போடுவது சால்மோனெல்லா என்ற கிருமியை வீட்டுக்குள் அழைத்து வருவது. நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருந்தாலும் அதன் மலம் வழியாகக் குழந்தைகளுக்கு வரலாம்.

விருந்து நாளுக்கு மறுநாள் நாய் குனிந்து வாந்தி எடுத்தபடியே இருக்கிறது. ஏன்?

முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் வைத்து, பின்புறத்தைத் தூக்கியபடி நிற்கிறதா? அது வயிற்று வலியின் அடையாளம். பிரியாணிக் கொழுப்பு, ஆட்டுக்கறித் தோல், நெய்ப் பலகாரம் என்று ஒரே நாளில் ஏறிய கொழுப்புக்குப் பிறகு இப்படி வந்தால் கணையம் வீங்கியிருக்கலாம். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் கல்யாண வீட்டுக்கும் மறுநாள் இதற்கு வாய்ப்பு அதிகம். வீட்டில் சமாளிக்கும் விஷயமல்ல இது. வலி மருந்தும் டிரிப்ஸும் வேண்டும், பிறகு நீண்ட நாள் கொழுப்புக் குறைந்த உணவும் வேண்டும்.

என் நாய்க்கு இருப்பது உணவு ஒவ்வாமையா, வெறும் ஒத்துக்கொள்ளாமையா?

பால் குடித்துப் பேதி போவது ஒத்துக்கொள்ளாமை. அதில் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு வேலை இல்லை, அளவைக் குறைத்தால் கோளாறும் குறையும். ஒவ்வாமையில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை உடல் எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. கொஞ்சம் போனாலே போதும். வருடம் முழுக்க அரிப்பு, பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, காதில் திரும்பத் திரும்பப் புண், ஆசனவாயைத் தரையில் தேய்ப்பது, கூடவே இளகிய மலம், ஒரு நாளில் பல முறை மலம் என்று இருந்தால் அந்தப் பக்கம் யோசிக்கலாம்.

"இரண்டு வருடமாக இதைத்தானே சாப்பிடுகிறது, இப்போது எப்படி?" என்று கேட்பார்கள். ஒவ்வாமை பழகிய உணவுக்குத்தான் வரும். திரும்பத் திரும்பப் பார்த்த புரதத்தைத்தான் உடல் அடையாளம் கண்டு எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. 2016-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்குப் பால் பொருளும், 15 சதவீதத்துக்குக் கோழியும், 13 சதவீதத்துக்குக் கோதுமையும் காரணமாக இருந்தன. நாய்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் உணவுகளே பட்டியலின் மேலே இருக்கின்றன. கோழியும் பாலும் பிஸ்கட்டும் தின்று வளரும் நம் வீட்டு நாய்களுக்கு முதல் சந்தேகம் அந்த மூன்றின் மேல் விழுவது நியாயமே.

எந்த உணவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே வழி விலக்கு உணவுச் சோதனை. ரத்தம், முடி, எச்சில் எடுத்து "இந்த இருபது உணவு ஆகாது" என்று பட்டியல் தரும் சோதனைகள் நம்பத் தக்கவை அல்ல. அந்தக் காசைச் சேமித்து வையுங்கள்.

முதலில் நாய் இதுவரை தின்ற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் இல்லாத ஓர் இறைச்சியும் இல்லாத ஒரு மாவுச்சத்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். கோழியும் ஆடும் தின்று வளர்ந்த நாய்க்குப் பன்றியோ முயலோ, முள்ளில்லாத ஒரு வகை மீனோ அமையலாம், கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு. காடையும் வாத்தும் பறவைகள் என்பதால் கோழிக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு அவையும் ஆகாமல் போகலாம். இப்படிப் புதிய இறைச்சி கிடைப்பது சிரமம் என்றால் ஹைட்ரோலைஸ்டு உணவு என்று ஒன்று டாக்டரிடம் கிடைக்கும். புரதத்தை உடல் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிறு துண்டாக உடைத்துச் செய்தது அது. விலை அதிகம்தான். வளரும் குட்டிக்கு மட்டும் வீட்டுச் சமையலில் இந்தச் சோதனையை டாக்டர் துணையில்லாமல் செய்யாதீர்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட்டை முன்பக்கம் பார்த்து நம்பாதீர்கள். முன்னால் ஆட்டுப்படம் போட்டு ஆட்டிறைச்சி என்று எழுதியிருக்கும். திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்தால் மூன்றாவது நான்காவது இடத்தில் கோழித் தூளோ கோழிக் கொழுப்போ இருக்கும்.

வயிற்றுக் கோளாறு மட்டும் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். தோல் அரிப்பும் இருந்தால் 8 வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். சரியானதும் வேலை முடிந்துவிடவில்லை. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் கோளாறு திரும்பி வந்தால்தான் உணவுதான் காரணம் என்று உறுதி. பிறகு மீண்டும் சோதனை உணவுக்குப் போய், கோழி, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். பலர் இந்தக் கடைசிப் படியைத் தாண்டுவதில்லை. நன்றாக இருக்கும் நாயை மறுபடி சொறிய வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அதைச் செய்யாவிட்டால், உண்மையில் ஆகாதது ஒன்றே ஒன்றாக இருக்க, ஆயுள் முழுக்கப் பத்து உணவை மறுத்துக்கொண்டிருப்போம்.

சோதனை தோற்பது பெரும்பாலும் சமையலறையில் அல்ல, வீட்டின் மற்ற மூலைகளில்தான். மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் வெண்ணெய்த் துண்டு. கறிச் சுவையூட்டிய உண்ணி மாத்திரை. பூனைத் தட்டில் மிச்சமிருந்த மீன். கேட் கம்பி வழியாகப் பக்கத்து வீட்டம்மா அன்போடு நீட்டும் பொறை. மொட்டை மாடியில் காக்கை போட்டுவிட்டுப் போன எலும்பு. குழந்தையின் கையிலிருந்து விழுந்த இட்லித் துணுக்கு. இவற்றில் ஒன்று போதும், நாலு வார உழைப்பு வீண். எனவே தொடங்கும் முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள், வேலைக்கு வரும் அக்காவையும் சேர்த்து. பாட்டிக்குக் கொடுக்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். அவர் கையிலேயே ஒரு டப்பாவில் வெந்த சர்க்கரைவள்ளித் துண்டுகளைக் கொடுத்துவிடுங்கள், இருவருக்கும் மனக்குறை இருக்காது. மருந்துகளுக்குச் சுவையூட்டாத மாற்று உண்டா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

தானியமே இல்லாத உணவு நல்லது என்கிறார்களே?

கோதுமைக்கு ஒவ்வாமை உறுதியான நாய்க்குக் கோதுமை வேண்டாம், அவ்வளவுதான். நாயும் ஓநாயும் ஒன்றல்ல. மாவுச்சத்தை உடைக்கும் நொதிக்கான மரபணு நாய்களிடம் ஓநாய்களை விடப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் கண்டறிந்தார்கள். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து சோறு தின்னக் கற்ற விலங்கு அது. மறுபக்கம், தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த உணவுகளைத் தின்ற சில நாய்களுக்கு இதயத் தசை பலவீனமாவதாக வந்த புகார்களை 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விசாரிக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு என்று முடிவாக நிறுவப்படவில்லை. ஆனாலும் காரணமே இல்லாமல் சோற்றை விலக்கி அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

புதிய உணவுக்கு எத்தனை நாளில் மாற்றலாம்?

ஒரு வாரம். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், அப்புறம் முழுதும். இடையில் மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி அங்கேயே இரண்டு நாள் நில்லுங்கள்.

கிலோ கணக்கில் அள்ளி எடைபோட்டுத் தரும் உதிரி நாய் உணவை வாங்காதீர்கள். எப்போது திறந்த மூட்டை, என்ன சேர்த்தது, காலாவதி எப்போது என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் திறந்த மூட்டையில் கொழுப்பு கெட்டு, பூஞ்சை பிடிக்கும். சோளத்தில் வளரும் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் ஈரலையே அழிக்கக் கூடியது. பாக்கெட்டோடு சேர்த்து மூடி இறுகிய டப்பாவுக்குள் வையுங்கள். பெயரும் தேதியும் கையிலேயே இருக்கும். சித்திரை வெயிலில் காலையில் வைத்த சோறு மத்தியானம் வரை தட்டில் கிடக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

பூச்சி மருந்து எப்போதெல்லாம்?

குட்டிக்கு 2 வார வயதில் தொடங்கி, 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எடை பார்த்துத்தான் அளவு. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், ஈறு வெளுத்துக்கொண்டே போகும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் உள்ள மருந்து வேண்டும். அது தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்குவதால் வருவது என்பதால், தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

அதிகாலையில் மஞ்சளாக நுரை வாந்தி. பகல் முழுக்க நன்றாக இருக்கிறது.

இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் வரை வயிறு காலியாக இருப்பதால் பித்தநீர் மேலே வந்து உறுத்துவது. படுக்கும் முன் ஒரு பிடி சாப்பாடு கொடுத்துப் பாருங்கள், பல நாய்களுக்கு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

புல் தின்கிறதே, வயிறு சரியில்லையா?

நன்றாக இருக்கும் நாயும் புல் தின்னும். பூச்சி மருந்து தெளித்த இடமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டு மடங்கு தின்கிறது, எலும்பும் தோலுமாக இருக்கிறது. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

கணையம் செரிமான நொதியைச் சுரக்காமல் போகும் ஒரு நோய் இந்த இனத்தில் அதிகம். எவ்வளவு தின்றாலும் செரிக்காமல், வெளிறிய எண்ணெய் மலமாகப் போய்விடும். பசி அடங்காததால் தன் மலத்தையே தின்னும் நாய்களும் உண்டு. அதை அடிக்காதீர்கள், அது பட்டினியில் இருக்கிறது. டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். நொதித் தூளை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலந்து கொடுக்க வேண்டும், பலவற்றுக்கு பி12 ஊசியும் தேவைப்படும். ஆயுள் முழுக்கத் தொடரும் செலவு இது. ஆனால் உடம்பு தேறி வரும்.

வயிறு உப்பிவிட்டது, வாந்தி எடுக்க முயல்கிறது, ஒன்றும் வரவில்லை.

படிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொண்டிருக்கலாம். கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு அதிகம் வருவது, சில மணி நேரத்தில் உயிர் போகும், அறுவை சிகிச்சைதான் வழி. அப்படிப்பட்ட நாய்களுக்கு ஒரே வேளையில் மலை போலக் குவித்து வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரமாக விழுங்குவதையும் கட்டுப்படுத்துங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

அன்று காலை போன மலத்தில் கொஞ்சம், சுத்தமான சிறு டப்பாவில். வெயிலில் வைக்காமல், சில மணி நேரத்துக்குள். மலம், வாந்தி இரண்டின் போட்டோ. உணவுப் பாக்கெட்டின் பின்பக்கப் போட்டோ. தடுப்பூசிச் சீட்டு, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, மருந்தின் பெயர், நாயின் எடை. கடந்த மூன்று நாளில் வாய்க்குள் போன எல்லாம், யார் கொடுத்தது என்பதோடு. வீட்டில் தோண்டித் துருவிக் கேட்டால்தான் இந்தப் பட்டியல் முழுமையாகும். யாரையும் திட்டாமல் கேட்டால் உண்மை வரும்.

பக்கத்து டாக்டரிடம் பல முறை காட்டியும் பேதி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி வசதியுள்ள இடத்துக்குப் போக நேரம் வந்துவிட்டது என்று பொருள். சென்னையில் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளின் மருத்துவமனைகளும் அரசுடையவை. கூட்டம் இருக்கும், சீக்கிரமே போய்விடுங்கள். பழைய சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். நாய் உள்ளே போகும் வரை வண்டியிலேயோ மர நிழலிலேயோ இருக்கட்டும். காத்திருக்கும் இடத்தில் பார்வோக் குட்டிகளும் வந்திருக்கலாம்.